"போர் வந்தால் சண்டைக்குப் போவீர்களா?" ஜப்பான் – சீனா பகையும் 13 சதவீதமும்

[திரையில்: சீனா 89 | ஜப்பான் 13]

"இன்னொரு போர் வரக்கூடாது என்பதுதான் எல்லோருடைய விருப்பமும். அப்படியே வந்துவிட்டால், உங்கள் நாட்டுக்காகச் சண்டையிட முன்வருவீர்களா?"

உலக விழுமியங்கள் ஆய்வு என்ற பன்னாட்டுக் கணக்கெடுப்பு பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. 2017இல் தொடங்கிய சுற்றில் சீனாவில் 'ஆம்' என்றவர்கள் ஏறக்குறைய 89 சதவீதம். ஜப்பானில் 13. கட்டாய ராணுவச் சேவை உள்ள தென்கொரியாவில் 67.

சீனா, ஜப்பான் எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'சீனர்கள் போருக்குத் துடிக்கிறார்கள், ஜப்பானியர்கள் கோழைகள்' என்று முடிவுகட்டும் பதிவுகள் சமூக ஊடகங்களில் ஏராளம். இரண்டு நாட்டு மக்களுக்குமே அது அநியாயம். ஏன் என்று சொல்வதற்கு முன், சண்டை எதைப் பற்றியது என்று பார்த்துவிடலாம்.

[திரையில்: கிழக்குச் சீனக் கடல் வரைபடம்]

சண்டை, கிழக்குச் சீனக் கடலில் உள்ள சில தீவுகளைப் பற்றியது. ஜப்பான் இவற்றை சென்காக்கு என்கிறது, சீனா தியாவ்யூ என்கிறது. ஐந்து தீவுகள், சில பாறைகள். பெரிய தீவான உவோத்சுரியே 4 சதுர கிலோமீட்டருக்குள்தான். ஜப்பானின் இஷிகாக்கியிலிருந்து 170 கிலோமீட்டர், தைவானிலிருந்தும் அதே தூரம், சீன நிலப்பரப்பிலிருந்து 330. ஜப்பான் 1895 ஜனவரியில் அமைச்சரவை முடிவின் மூலம் தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. ஒருகாலத்தில் இங்கே மீன் பதப்படுத்தும் ஆலையும் 200க்கு மேற்பட்ட ஆட்களும் இருந்தார்கள். 1940க்குப் பிறகு யாரும் இல்லை. 1968இல் ஐ.நா. அமைப்பு ஒன்றின் துணையோடு நடந்த ஆய்வு, கடலடியில் எண்ணெய் இருக்கலாம் என்றது. 1971இல் தைவானும் சீனாவும் உரிமை கோரின.

சிக்கல் சூடுபிடித்தது 2012இல். டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, தனியார் கையில் இருந்த தீவுகளை மாநகரமே வாங்கும் என்று அறிவித்தார். அவர் வாங்கினால் நிலைமை மோசமாகும் என்று கருதிய மத்திய அரசு, முந்திக்கொண்டு மூன்று தீவுகளை 205 கோடி யென்னுக்கு வாங்கியது. பதற்றத்தைத் தணிக்கத்தான் இதைச் செய்தோம் என்றது ஜப்பான் அரசு. பெய்ஜிங் அதை ஏற்கவில்லை. சீன நகரங்களில் ஜப்பானியக் கடைகளும் ஆலைகளும் தாக்கப்பட்டன. சியான் நகரில் ஜப்பானியக் கார் ஓட்டிவந்த ஒரு சீனரையே கூட்டம் மண்டையில் அடித்து முடக்கிப்போட்டது.

அன்றிலிருந்து கடலில் என்ன நடக்கிறது? கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது 22 கிலோமீட்டர் வரை ஆட்சிக்கடல். அதற்கு வெளியே இன்னொரு 12 கடல்மைல் தொடர்மண்டலம். சீனக் கடலோரக் காவல்படைக் கப்பல்கள் வழக்கமாக நான்கு நான்காக இந்தத் தொடர்மண்டலத்தில் சுற்றுகின்றன. 2024இல் மட்டும் 355 நாட்கள் வந்தன. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று தீவை நெருங்கினால், அவை பின்தொடர்ந்து ஆட்சிக்கடலுக்குள் நுழைகின்றன. ஜப்பானின் ரோந்துக் கப்பல்கள் குறுக்கே வந்து படகைச் சுற்றி நிற்கின்றன. வானொலியில் இரு தரப்பும் 'இது எங்கள் கடல், வெளியேறுங்கள்' என்று மாறி மாறி எச்சரிக்கின்றன. இதற்கென்றே 12 ரோந்துக் கப்பல்கள் கொண்ட தனிப் பிரிவை ஜப்பான் வைத்திருக்கிறது.

இரு நாடுகளும் முன்னால் நிறுத்துவது கடற்படையை அல்ல, காவல்படையை. இது வேண்டுமென்றே செய்யப்படுவது. காவல்படைக் கப்பல்கள் உரசினால் அதைச் சட்டம் ஒழுங்கு விவகாரமாக முடித்துக்கொள்ளலாம். போர்க்கப்பல்கள் உரசினால் முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு தேய்ந்துவருகிறது. 2021இல் அமலுக்கு வந்த சீனச் சட்டம், தன் காவல்படை ஆயுதம் பயன்படுத்த வழிவிடுகிறது. 2024 ஜூனில் முதல்முறையாக, வந்த நான்கு கப்பல்களிலுமே பீரங்கி இருந்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மோதலைத் தவிர்க்க இரு நாடுகளும் 2018 ஜூனில் ஒரு தொடர்பு ஏற்பாட்டைத் தொடங்கின. 2023இல் நேரடித் தொலைபேசி இணைப்பும் வந்தது. ஆனால் இது இரு பாதுகாப்பு அமைச்சகங்களுக்கு இடையிலானது. தினமும் எதிரெதிரே நிற்கும் காவல்படைகள் இதற்குள் வரவில்லை!

[திரையில்: 2025 நவம்பர் 7, ஜப்பான் நாடாளுமன்றம்]

சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானைச் சுற்றிப் போர்க்கப்பல்களோடு படைபலம் பயன்படுத்தப்பட்டால், அது ஜப்பானின் 'இருப்புக்கே ஆபத்தான நிலை' ஆகக்கூடும் என்றார் பிரதமர் சனே தகாய்ச்சி. 2015ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள தொடர் அது. அப்படி அரசு முடிவு செய்தால், ஜப்பான் நேரடியாகத் தாக்கப்படாவிட்டாலும் அதன் படைகள் களமிறங்கலாம். ஒரு வாரத்தில் சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போகவேண்டாம் என்றது. அடுத்து ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை மறுபடி நிறுத்தியது. டிசம்பர் 6 அன்று, சீன விமானந்தாங்கிக் கப்பலான லியாவ்னிங்கிலிருந்து எழுந்த போர் விமானங்கள், ஒகினாவா அருகே ஜப்பானிய விமானங்கள்மீது ரேடாரைப் பூட்டின என்று ஜப்பான் குற்றஞ்சாட்டியது. சீனா மறுத்தது. ஆயுதத்தைக் குறிவைக்கவும் பயன்படும் ரேடார் பூட்டினால் விமானிக்கு எச்சரிக்கை ஒலிக்கும். அது தேடலா, தாக்குதலின் தொடக்கமா என்று சில நொடிகளில் அவர் ஒருவரே தீர்மானிக்கவேண்டும்.

இனி அந்த 13 சதவீதத்துக்கு வருவோம். மீதி 87 பேரும் 'இல்லை' என்று சொல்லிவிடவில்லை. 'இல்லை' என்றவர்கள் 49 சதவீதம், 'தெரியாது' என்றவர்கள் 38. வேறெங்கும் அரிதான அளவு அது. யார் தொடுத்த போர், எங்கே நடக்கிறது, தற்காப்பா இல்லையா என்று எதுவுமே சொல்லாத கேள்விக்குத் 'தெரியாது' என்பது நேர்மையான பதில்தான். சீனாவில் நிலைமை வேறு. வீட்டுக்கு வந்து கேட்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம், 'நாட்டுக்காகச் சண்டையிட மாட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 89இல் ஒரு பங்கு அந்தத் தயக்கத்தின் எண் என்றே கருதுகிறோம்.

வெறுப்பும் போர் விருப்பமும் வேறு வேறு. ஜப்பானின் கென்ரோன் என்ற ஆய்வு அமைப்பின் 2024 கணிப்பில் ஜப்பானியரில் 89 சதவீதம் பேருக்குச் சீனாமீது நல்லெண்ணம் இல்லை. சீனரில் 87.7 சதவீதம் பேருக்கு ஜப்பான்மீது இல்லை. இதே ஜப்பானில் 1980இல் அரசு எடுத்த கணிப்பில் 78.6 சதவீதம் பேர் சீனாவோடு நெருக்கம் உணர்வதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது ஒரு கேள்வியும் உண்டு: அரசு படையை அனுப்பலாமா? தகாய்ச்சி பேசிய அடுத்த வாரம் கியோடோ செய்தி நிறுவனம் கேட்டபோது, தைவான் நெருக்கடியில் கூட்டுத் தற்காப்பு உரிமையை, அதாவது தாக்கப்படும் நட்பு நாட்டுக்காகப் படையை இறக்கும் உரிமையைப் பயன்படுத்த 48.8 சதவீதம் பேர் ஆதரவு, 44.2 சதவீதம் பேர் எதிர்ப்பு. நாடு இறங்கலாம் என்போர் பாதிப் பேர், நானே போகிறேன் என்போர் எட்டில் ஒருவர். இந்த இடைவெளி ஏட்டில் மட்டும் இல்லை. 2023 நிதியாண்டில் ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படைகள் 19,598 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டன. சேர்ந்தது 9,959.

[திரையில்: யோனகுனி தீவு]

போர் வந்தால் முதலில் அடிபடப்போவது தைவானிலிருந்து 110 கிலோமீட்டரில் இருக்கும் யோனகுனியும் அதைச் சுற்றிய தென்மேற்குத் தீவுகளும். யோனகுனியில் ராணுவ முகாம் வரலாமா என்று 2015 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 632, எதிர்ப்பு 445. பள்ளி மாணவர்களும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு முகாம் வந்தது.

2025 மார்ச்சில் அரசு வெளியேற்றத் திட்டத்தை வெளியிட்டது. யோனகுனி உள்ளிட்ட சாகிஷிமா தீவுகளில் வசிப்போர் 1,10,000 பேர், சுற்றுலாப் பயணிகள் 10,000 பேர். நாளொன்றுக்கு 20,000 பேர் வீதம், ஆறு நாட்களில் கப்பலிலும் விமானத்திலும் கியூஷுவுக்கும் யமகுச்சிக்கும் கொண்டுபோகவேண்டும். ஒகினாவா முதன்மைத் தீவில் இருப்போர் இதில் இல்லை. அவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கவேண்டும்.

வெளியேற்றம் என்ற பேச்சே இங்குள்ள முதியவர்களை உலுக்கும். 1944 ஆகஸ்டில் ஒகினாவாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போன சுஷிமா மாரு கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கு மேல் பள்ளிக் குழந்தைகள். மறு ஆண்டு, யோனகுனி அடங்கிய யயேயாமா தீவுகளில் ஜப்பானிய ராணுவம் மக்களை மலேரியாக் காடுகளுக்கு விரட்டியது. அந்தக் காய்ச்சலில் 3,600க்கும் அதிகமானோர் மடிந்தார்கள்.

புதிய திட்டத்தின் ஆறு நாட்களும் முதல் குண்டு விழுவதற்கு முன்பே கிடைக்கவேண்டும். வானிலை கெட்டால், துறைமுகம் ஒன்று முடங்கினால், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர்களை நகர்த்தத் தாமதமானால், ஆறு பத்தாகும். ஆகவே அரசு மிக முன்கூட்டியே உத்தரவு போடவேண்டும். ஆனால் எல்லைத் தீவுகளைக் காலிசெய்யும் உத்தரவைப் பெய்ஜிங் எப்படிப் படிக்கும்? ஜப்பான் சண்டைக்கு ஆயத்தமாகிறது என்றுதான். அந்த அச்சத்தில் டோக்கியோ ஒவ்வொரு நாள் தயங்கும்போதும், 20,000 பேர் கூடுதலாகத் தீவுகளில் மாட்டிக்கொள்வார்கள்.