முற்றத்தில் வில் ஒலிக்கட்டும்

(நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடு ஒன்றைக் கலைக்கூடமாகத் திறந்த விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வீட்டை மனமுவந்து கொடுத்த குடும்பத்துப் பெரியம்மா அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, திண்ணையில் இடமில்லாமல் தெருவில் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். கட்டிய வீட்டை நூறு வருடம் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய காரியம். அதைச் செய்த குடும்பத்துக்கு முதல் நன்றி.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன்: கட்டடம், வரவு செலவு, கலைஞர்கள்.

கட்டடத்தைப் பற்றி ஒரே வேண்டுகோள்தான். இது சுண்ணாம்புக் காரைச் சுவர். பெயர்ந்த இடத்தில் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிச் சுவரையே தின்றுவிடும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கூப்பிடுங்கள்.

வீட்டில் கலை வளர்வது நமக்குப் புதிதில்லை. இதே நெல்லையில், வண்ணார்பேட்டையில், தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். ‘வட்டத்தொட்டி’ என்ற அந்தக் கூட்டத்தின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடை விழாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டு நடக்கிறது. கைலாசத்தில் தூண்டாமணி விளக்குச் சுடரிலிருந்து சுடலை பிறக்கிற கட்டம். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. கூடவே மழை. பந்தல் ஒழுகுகிறது. எதிர் வீட்டு ஆச்சி கதவைத் திறந்து, “உள்ள வாங்கய்யா, சாமி கதைய பாதியில நிறுத்தப்பிடாது. ஏல, அந்த உடுக்கு நனையுது பாரு, மொதல்ல அதத் தூக்குல” என்று சத்தம் போட்டார். வில்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் அந்த வீட்டுக்குள் போனது. ஆச்சி குத்துவிளக்கை ஏற்றி வைத்தார். விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். மைக் கிடையாது. வில்லின் மணிச்சத்தமும் குடத்தின் அடியும் நாலு தாழ்வாரத்திலும் நிறைந்தன. அடுப்படியில் நின்றவர்களுக்குக்கூட ஒரு சொல் தப்பவில்லை. சாமியாடுகிற கோமரத்தாடி அங்கேயே அருள் வந்து ஆடினார். ஆச்சி முதல் ஆளாகத் திருநீறு வாங்கிக்கொண்டார். வில்லுப்பாட்டை அதற்கு முன் அப்படி நான் கேட்டதே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். கொடைக் காலம் முடிந்தால் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் கணியான் கூத்துக்காரர்களுக்கும் மேடை ஏது? கூத்தில் மகுடப் பறை அடித்த கை கூலி வேலைக்குப் போகிறது. பிள்ளைகள் எதைப் பார்த்து அந்தக் கலையைக் கற்றுக்கொள்வார்கள்?

வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடத்தான் வேண்டும். சரி, விடுங்கள். ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துத்தானே சொன்னார்கள்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மட்டும் எந்த முகூர்த்தத்துக்கும் கொடுக்காதீர்கள். அது நம் கலைஞர்களுக்கு. வாடகை வாங்காதீர்கள், கையில் சம்பளம் கொடுங்கள். அப்புறம், கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு மாடி அறையைத் திறந்துவிடுங்கள்.

வரவு செலவில் மீதிக் கணக்கைப் பொருளாளர் சொல்வார். செயலாளர் அவர்கள் இப்போதே இந்த ஒலிபெருக்கி முன் வந்து, முதல் ஞாயிறு எந்தத் தேதி, எந்தக் குழு என்று அறிவிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.