எரிமலை இறங்கும் கடல்: பாலியின் ஆமெத், துலம்பென் கரையில் குறைந்த செலவில் முக்குளிப்பு

(காட்சி: விடியற்காலை. கறுத்த கூழாங்கற்கள் பரவிய கரை. பின்னணியில் ஆகுங் மலை.)

வணக்கம். பாலித் தீவின் தெற்குக் கரையில் உள்ள கூட்டத்தை விட்டு, விமான நிலையத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 3 மணி நேரம் வடகிழக்கே வந்தால், 3,000 மீட்டருக்கும் உயரமான ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில் ஆமெத், துலம்பென் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. மலைச்சரிவு கரையோடு நின்றுவிடாமல் கடலுக்குள்ளும் இறங்கிச் செல்வதால், இங்கே கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே முக்குளிக்கத் தக்க ஆழம் கிடைத்துவிடுகிறது. காற்றுச் சிலிண்டருடன் முக்குளிக்கும் ஸ்கூபா பயணத்தில் படகு வாடகை பெருஞ்செலவு. அந்தச் செலவை இந்த மலையே மிச்சப்படுத்தித் தருகிறது.

(காட்சி: நீருக்கடியில் பவளம் படர்ந்த கப்பலின் உடல்.)

இது 'லிபர்ட்டி' என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகி, இழுத்து வரப்பட்டு, துலம்பென் கரையில் தரைதட்ட விடப்பட்டது. 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்த அதை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1963ஆம் ஆண்டின் ஆகுங் வெடிப்பின்போது ஏற்பட்ட அதிர்வுகள் கடலுக்குள் தள்ளின. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலின் மேற்பகுதி 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடுவதால், 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும் தொடக்கநிலைச் சான்றிதழ் உள்ளவர்களும் இதில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

தெற்கிலிருந்து வரும் ஒருநாள் பயணிகள் முற்பகலில்தான் வந்து சேருவார்கள். எனவே ஊரிலேயே ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கி, விடியும்போதே இறங்குங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கப்பலை விட்டுக் கூட்டமாக நகரும் காட்சி அந்த நேரத்துக்கே உரியது. அலை உருட்டும் கற்களில் கால் பிசகும் என்பதால், தடித்த அடிப்பாகமுள்ள நீர்க்காலணி கட்டாயம் வேண்டும்.

(காட்சி: தலையில் சிலிண்டருடன் நடந்துவரும் பெண்.)

அதே கற்களின் மீது, நமது காற்றுச் சிலிண்டரைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு, தடுமாறாமல் நடந்து வருபவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். சிக்கனம் என்ற பெயரில் இவர்களுடைய கூலியில் பேரம் பேசுவது முறையன்று. மிச்சப்படுத்த வேறு வழிகள் உண்டு: சொந்த முகக்கண்ணாடி, பகிர்வு வேன், வாருங் எனப்படும் சிறு உணவகங்களில் சாப்பாடு.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவம் ஏற்றது. ஒன்றை மட்டும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். முக்குளித்த உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரம் ஏற ஏறக் குமிழியாக மாறக்கூடும். விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஆகுங் மலையேற்றத்துக்கும், கிந்தாமணி மலைச்சாலை வழியாகத் திரும்பும் பயணத்துக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். ஆகையால் கடைசி நாளைச் சிலிண்டர் இல்லாமல் ஒதுக்குங்கள். ஆமெத் பகுதியிலுள்ள பன்யுனிங் கரைக்கு அருகே ஆழமில்லாத நீரில் ஒரு சிறிய ஜப்பானியக் கப்பல் கிடக்கிறது. அதைக் காண முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும்.