எடுத்த காலில் வலி: மனத்தால் அசைத்தால் குறையுமா?

[காட்சி: கானாடுகாத்தான். பழைய வீட்டின் வளவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கட்டிலில் ஒருவர் கால் நீட்டி அமர்ந்திருக்கிறார். முகம் தெரியவில்லை.]

குரல்:
கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற ஒருவரை வைத்துக்கொள்வோம். பல வருடச் சர்க்கரை. காலில் ஒரு கொப்புளம் வந்தது. அது புண்ணாகி, விரல் கறுத்து, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகும் இரவானால் வலிக்கிறது. எங்கே என்று மனைவி கேட்டால், “பெருவிரலில்தான். மடங்கி இறுகிக் கிடக்கிறது, நிமிர்த்த முடியவில்லை” என்கிறார்.

ஆள் நான் உருவாக்கியவர். இப்படிச் சொல்பவர்களோ நிஜத்தில் ஏராளம். கை கால் இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி ஏதோ ஓர் அளவில் வருகிறது. எடுத்த காலைச் சரியாகப் புதைக்கவில்லையோ என்று ஒருவர் சந்தேகப்படுவார், திருநீறு போடச் சொல்லி இன்னொருவர் வருவார். அதற்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு ‘ஃபேன்டம் லிம்ப்’ என்று பெயர் வைத்துவிட்டார். தமிழில் மாய உறுப்பு வலி என்கிறோம்.

[காட்சி: மூளையின் வரைபடம். பாதத்துக்கு உரிய பகுதி ஒளிர்கிறது.]

குரல்:
உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. காலை எடுத்தாலும் மூளையில் பாதத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. ‘விரலை நிமிர்த்து’ என்ற கட்டளை போகிறது, ‘நிமிர்ந்தது’ என்ற பதில் வருவதில்லை. வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் தம் பங்குக்குத் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் பக்கத்துப் பகுதி, போன உறுப்பின் இடத்துக்குள் பரவுவதால்தான் வலி என்றது 1995-இல் வந்த ஓர் ஆய்வு. போன உறுப்பின் பழைய இடம் மூளையில் அழியாமல் இருப்பதே வலியோடு சேர்ந்து காணப்படுகிறது என்றது 2013-இல் வந்த இன்னொன்று. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, அசைவை மனத்தில் நினைத்தால் என்ன ஆகும்? திண்ணையிலிருந்து இறங்குவதாகக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். நிஜமாக இறங்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளில் பல இப்போதும் வேலை செய்கின்றன. நிஜமாக நடக்க ஆகும் நேரமும் மனத்தில் நடக்க ஆகும் நேரமும்கூட ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதாவது, நினைப்பது மூளைக்கு ஓய்வு அல்ல, உழைப்பு.

இந்த வீடியோவை எடுக்கக் காரணமே இதுதான். ‘செலவில்லாத வைத்தியம், கண்ணை மூடிக் காலை அசைப்பதாக நினைத்தால் போதும்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் கருத்தில் அது பொறுப்பில்லாத பேச்சு.

[காட்சி: சுவரில் பழைய பெல்ஜியம் கண்ணாடி. ரசம் போய் ஆங்காங்கே கறுத்திருக்கிறது.]

குரல்:
2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில், ஒரு காலை இழந்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, தினம் 15 நிமிடம், நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் குழு, இருக்கும் காலைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்தது. இரண்டாவது, மூடிய கண்ணாடி முன்னால் அதையே செய்தது. மூன்றாவது, கண்ணை மூடி, இல்லாத கால் அசைவதாக நினைத்தது. கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மனத்தால் அசைத்த ஆறு பேரில் நால்வருக்கு வலி கூடியது! பிறகு மற்ற குழுக்களிலிருந்து கண்ணாடிக்கு மாறிய ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மனப் பயிற்சி யாருக்கும் கெடுதல் செய்யாது என்று சொல்லவும் இனி வழியில்லை.

கண்ணாடியை இதற்குப் பயன்படுத்தும் யோசனை 1990-களில் வந்தது. அதைக் கொண்டுவந்த வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி மெதுவாக அசைத்தால், போன கால் அசைவதாகக் கண் பதில் சொல்கிறது. இதற்காகப் பரணில் கிடக்கும் பெல்ஜியம் கண்ணாடியை இறக்க வேண்டாம். ரசம் போனதும் அலைபாய்வதும் பிம்பத்தைக் கெடுக்கும், கனமும் அதிகம். கடையில் கிடைக்கும் சாதாரணத் தட்டைக் கண்ணாடி, கால் முழுவதும் தெரிகிற நீளத்தில், விளிம்பில் டேப் ஒட்டியது போதும்.

அப்படியானால் மனப் பயிற்சி வீணா? அதுவும் இல்லை. கையை இழந்த 13 பேரை வைத்து 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், உடல் முழுவதையும் நிதானமாகக் கவனிக்கும் தியானத்தோடு சேர்த்து மனப் பயிற்சி கற்பித்தார்கள், வலி குறைந்தது. ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2006-இல் வெளியான ஆய்வில் படிப்படியான முறை ஒன்றைச் சோதித்தார். முதலில் படங்களைப் பார்த்து இடதா வலதா என்று சொல்ல வேண்டும், பிறகு மனத்தில் அசைவு, கடைசியில் கண்ணாடி. ஒவ்வொன்றும் இரண்டு வாரம். கூர்ந்து கவனித்தால், இங்கெல்லாம் யாரோ ஒருவர் கூட இருந்து வழிநடத்துகிறார். நம் சமையல்காரர் தானே கண்ணை மூடிக்கொண்டு, மடங்கிய விரலை ஒரேயடியாக நிமிர்த்தப் போராடினால், இறுக்கம் இன்னும் ஏறலாம். சூடு, கனம், பாதம் தரையில் பதிவது போன்ற இதமான உணர்விலிருந்து தொடங்குவது நல்லது. வலி கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், எஞ்சிய காலை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். ஆறாத புண், நரம்பு முனைக் கட்டி, பொருந்தாத செயற்கைக் கால் இவையும் வலிக்கும். அவற்றுக்குக் கண்ணாடி மருந்தல்ல.

இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்குப் பிம்பம் காட்ட நல்ல கால் இல்லை. அவர்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், எதிரே அமர்ந்த இன்னொருவர் கால் அசைப்பதைப் பார்த்தபடியே மனத்தால் தம் காலை அசைத்தவர்களுக்கு வலி குறைந்தது. கண்ணை மூடி வெறுமனே நினைத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. வீட்டில் மகனோ மகளோ தினம் 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். எந்த அசைவு, எவ்வளவு வேகம் என்பதை பிசியோதெரபிஸ்டிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.