சம்பளம் ஏறினால் யாருக்கு லாபம்? ஹோட்டல் வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

வணக்கம் மக்களே. கீழக்கரை கடற்கரைப் பக்கம் நிற்கிறேன். காற்று மைக்கில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சாப்பாட்டு ரிவ்யூ கிடையாது, தொதல் இனிப்புக் கடையும் கிடையாது. சம்பளக் கணக்கு மட்டும்தான்.

நம் பக்கம், அதாவது கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி, எங்கே கேட்டாலும் வீட்டில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அதில் ஹோட்டல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. இப்போது பையன்கள் பேசிக்கொள்வது இதுதான்: "மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிடுச்சாம், கிளம்பலாமா?"

ஆனது உண்மைதான். 2013ல் கோலாலம்பூர் இருக்கிற தீபகற்பப் பகுதிக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கியது. 2025 பிப்ரவரியில் 1,500லிருந்து 1,700க்கு ஏற்றினார்கள். ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கிற சின்னக் கடைகளுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரனுக்கு மட்டுமல்ல, வேலை பெர்மிட்டில் போகிற நமக்கும் அதே தொகைதான். ஆனால் அந்த 1,700 எத்தனை மணி நேர வேலைக்கு? ஏஜென்ட்டிடம் இதை யாரும் கேட்பதில்லை.

இங்கே பின்னாடி தெரிகிறது பாருங்கள், ஒரு பரோட்டா கடை. கடைக்கார காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோலாலம்பூரில் ரொம்ப வருஷம் ஹோட்டலில் இருந்தவர். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் மாஸ்டரின் கையை மட்டும் காட்டுகிறேன். மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை பிடித்து ஈரத்துணி போட்டு மூடியாகிவிட்டது. இப்போது மதியம். கடை திறப்பது சாயங்காலம். ராத்திரி கடைசி ஆள் கை கழுவிப் போன பிறகு கல்லைச் சுரண்டித் துடைத்து வைப்பதும் இவர்தான். வாடிக்கையாளருக்குத் தெரிவது அந்த விசிறி அடிக்கிற நேரம் மட்டும். முன்னாடி இரண்டு மூன்று மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம், யார் கணக்கில் வரும்?

"தம்பி, அங்கேயும் இதே கதைதான். சம்பளத்தை மாசக் கணக்கில் சொல்வாங்க, வேலையை மட்டும் கணக்கில்லாம வாங்குவாங்க" என்றார் காக்கா.

சரி, கணக்குப் போடுவோம். மலேசியாவில் 2023லிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படி வேலை. அதன்படி 1,700 ரிங்கிட்டை வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. அரசு சொல்வதும் அதே தொகைதான். இப்போது ஒரு ஹோட்டலில் தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள் நிற்கிறீர்கள், ஓவர்டைம் தரவில்லை என்று வையுங்கள். மொத்தம் 312 மணி நேரம். மணிக்கு ஐந்தரை ரிங்கிட்கூட வராது. பேப்பரில் 1,700 வாங்கிய ஆள்தான், ஆனால் சட்டம் சொன்ன கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்று வேறு சட்டம் சொல்கிறது, அதைச் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிசு.

முதலாளி பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் காக்கா கோபித்துக்கொள்வார். ஹோட்டலுக்கு வருகிற நூறு ரூபாயில் சரக்குக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் வாடகை, கேஸ், கரண்ட் எல்லாம் போய் கையில் நிற்பது சொற்பம் என்பது பெரிய நகரங்களில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆள் செலவு மூன்றில் ஒரு பங்கு என்றால், சம்பளம் பத்து சதவீதம் ஏறும்போது விலை மூன்று சதவீதம் சொச்சம் ஏறினால் சரிக்கட்டிவிடலாம். ஐம்பது ரூபாய் தோசைக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட வராது. இதற்கா இவ்வளவு கூப்பாடு? வாடகை ஏறும்போது இதைவிட அதிகமாக விலையை ஏற்றிவிட்டு யாரும் கட்டடக்காரனைத் திட்டிப் போர்டு மாட்டுவதில்லை. சம்பளம் ஏறினால் மட்டும்தான் போர்டு.

ஆனாலும் எல்லாக் கடையும் விலையை ஏற்ற முடியாது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஹார்வர்டுக்காரர்கள் 2017ல் ஒரு ஆய்வு செய்தார்கள். குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் ஏறினால், சாப்பிட்டவர்கள் மார்க் போடுகிற யெல்ப் தளத்தில் மூன்றரை நட்சத்திரம் வாங்கிய ஹோட்டல் மூடப்படுகிற வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுகிறதாம். ஐந்து நட்சத்திரக் கடைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆக, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைதான் விழுகிறது. அதில் வேலை பார்த்த ஆளுக்கு இது ஆறுதலா என்றால், இல்லை.

இன்னொரு ஊர் சியாட்டில். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சம் 2009லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. சியாட்டில் நகரமன்றம் 2014ல் 15 டாலர் என்று முடிவெடுத்து, 2015 ஏப்ரலிலிருந்து படிப்படியாக ஏற்றியது. 2025ல் அங்கே 20.76 டாலர். டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சின்ன முதலாளிகளுக்கு இருந்த சலுகையும் அதோடு முடிந்தது.

2017 ஜூனில் இந்த ஊரைப் பற்றி ஒரே மாதத்தில் இரண்டு ஆய்வுகள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ஹோட்டல்களை மட்டும் பார்த்து, சம்பளம் ஏறியது, வேலை குறையவில்லை என்றார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் குறைந்த சம்பள வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். 13 டாலர் வரை ஏறிய 2016ல் மணிக் கூலி சுமார் 3 சதவீதம் ஏறியது, வேலை மணி நேரமோ சுமார் 9 சதவீதம் குறைந்தது என்றார்கள். பெரிய சண்டை. அடுத்த வருஷம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரே இன்னொன்றும் சொன்னார்கள்: ஏற்கெனவே அனுபவத்தோடு வேலையில் இருந்தவருக்கு லாபம், புதிதாக உள்ளே வருபவர் எண்ணிக்கை குறைந்தது.

எனக்கு இரண்டு ஆய்வும் முட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆளை வீட்டுக்கு அனுப்பாமலேயே ஷிப்டைக் குறைக்கலாம். ராமேஸ்வரத்தில் இதைப் பார்க்கத்தானே செய்கிறோம்! ஆடி அமாவாசைக்கு மூச்சுவிட நேரமிருக்காது, கூட்டம் வடிந்ததும் "நாளைக்கு வரவேணாம்ப்பா, சொல்லி அனுப்புறேன்" என்பார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. அப்போதும் தினக்கூலி ரேட்டை யாரும் குறைத்துப் பேசவில்லை. கூப்பிடுகிற நாள்தான் குறைந்தது. நம் மாநிலத்திலும் ஹோட்டல் தொழிலுக்கு அரசு குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கிறது, சென்னை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏப்ரல்தோறும் அகவிலைப்படி மாறுகிறது. வேலைக்கே கூப்பிடாத நாளுக்கு அந்தப் படியை வைத்து என்ன செய்வது?

அப்புறம் சிங்கப்பூர். அங்கே 2023 மார்ச்சிலிருந்து உணவகத் தொழிலுக்குப் படிப்படியாக ஏறும் சம்பளத் திட்டம் இருக்கிறது. அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பெர்மிட்டில் போகிற நமக்கு வேறு வழி. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்களுக்கு இங்கிருந்து சமையல்காரர் எடுக்கலாம், மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இருக்க வேண்டும். சமையல்காரருக்குத்தான் இது. சப்ளையர், கிளீனர் என்று சொல்லி இதே விசாவைக் காட்டினால் உஷாராகுங்கள்.

கத்தார் போகிறவர்களுக்கு: 2021 மார்ச்சிலிருந்து எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால். கம்பெனி தங்க இடம் தராவிட்டால் மேலே 500, சாப்பாடு தராவிட்டால் 300. ஹோட்டலில் சாப்பாடு கடையிலேயே கிடைத்துவிடும், அதனால் அந்த 300ஐ எதிர்பார்க்காதீர்கள். ரூம் விஷயத்தை மட்டும் காண்ட்ராக்ட்டில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை மணி நேர வேலை என்பதையும் அதே தாளில். "அதெல்லாம் அங்கே போய்ப் பேசிக்கலாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னால், பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.