சேற்றுக்குள் நடக்கும் பந்தி

வணக்கம் நேயர்களே. கடல் அலை ஏறி இறங்கும் சதுப்பில் கோரை, உவர்ப்புல், அலையாத்தி மரம் எல்லாம் வளர்கின்றன. சுற்றுச்சூழல் மாறும்போது இவை எப்படிச் சத்தை உறிஞ்சுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

மட்கிய இலையும் வேரும் அடுக்கடுக்காகக் கிடக்கும் சேறு அது. செடிக்கு முக்கியச் சத்தான நைட்ரஜன் உள்ளே நிறையவே உண்டு. ஆனாலும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலைமைதான் பெரும்பாலும்.

அங்கே ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் சேறு கறுத்திருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வீசும். வேரின் மேல் மட்டும் செம்பழுப்பாக மெல்லிய பூச்சு ஒன்று தெரியும். அது இரும்புத் துருவேதான். காற்றுப் புகாத சேற்றுக்குள் செடி தன் தண்டின் காற்றறைகள் வழியே ஆக்சிஜனை இறக்குகிறது. வேரிலிருந்து கசியும் கொஞ்சநஞ்சம் பட்டு இரும்பு துருவாகிறது.

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. வேருக்கு அது விஷம். நைட்ரஜனை உள்ளே இழுக்கும் வேலையையே மந்தமாக்கிவிடும். கடல்மட்டம் உயர்ந்து நிலம் மூழ்கிக் கிடக்கும் நேரம் கூடினால் இந்த விஷமும் கூடும். உப்பு ஏறினால் இன்னொரு தொல்லை. சேற்றில் கிடைக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகத்தான் இருக்கிறது. அதை வேர் உறிஞ்சவிடாமல் உப்பிலுள்ள சோடியம் குறுக்கே நிற்கும். போதாததற்கு, உப்பைச் சமாளிக்கப் பல செடிகள் புரோலின் என்ற அமினோ அமிலம் போன்ற பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றைச் செய்யவும் நைட்ரஜன்தான் வேண்டும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது.

சரி, வெப்பம் ஏறினால்? அமெரிக்காவின் செசபீக் விரிகுடா அருகே, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சதுப்பு நிலத்தில் செடிகளையும் மண்ணையும் சேர்த்தே சூடாக்கிப் பார்க்கிறார்கள். சூடு ஓரளவு கூடியபோது செடியின் பசி மண் தரும் அளவை மிஞ்சியது. செடி வேரில் அதிகம் முதலீடு செய்தது. 5 டிகிரி அளவுக்குக் கூட்டியதும் சேறு வேகமாக மட்கி நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தது. அப்புறம் வேருக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? வேரின் பங்கு இறங்கிவிட்டது. வெப்பம் ஏற ஏற ஒரே திசையில் மாற்றம் போகும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

மாசசூசெட்ஸின் பிளம் தீவுப் பகுதியில் நடந்த சோதனை இன்னும் கடுமையான சேதி சொல்கிறது. உவர்ச்சதுப்பின் ஓடைகளில் ஏறும் அலைநீரில் ஒன்பது ஆண்டுகள் நைட்ரேட் கலந்தார்கள். வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் உரச்சத்து வந்து சேர்வதைப் போன்ற ஏற்பாடு. 2012-ல் முடிவு வெளியானது. மேலே புல் செழித்தது. கீழே மண்ணைக் கட்டிப்பிடிக்கும் வேர்கள் குறைந்தன, மட்குவது வேகமானது, ஓடைக்கரைகள் வெடித்துச் சரிந்தன.

இத்தனைக்கும் சதுப்பு கடல்மட்டத்தோடு சேர்ந்து உயர்வது, அலை கொண்டுவரும் வண்டலாலும் இந்த வேர்த்திரளாலும்தான். அதனால், வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி "பச்சைப்பசேல் என்று இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் நான் அரைமனதாகத்தான் தலையாட்டுவேன். ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, மண்ணை எடுத்து அலசி, வேர் எவ்வளவு என்று எடை போட்ட பிறகு பேசலாம். நன்றி, வணக்கம்.