பாக்டீரியா குரோமியத்தைத் தின்னுமா?

(காட்சி: வரைபடம். சித்தூர், பொன்னை ஆறு, ராணிப்பேட்டை, பாலாறு.)

சித்தூர் பக்கமிருந்து வரும் பொன்னை ஆறு பாலாற்றில் கலக்கிற வட்டாரம் இது. ஆந்திர எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் ராணிப்பேட்டை. குரோமேட் என்கிற குரோமிய உப்பைத் தயாரித்து, 1990களில் மூடப்பட்ட ஒரு ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், இங்கே பல வருஷம் குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். "இதைத் தின்கிற பாக்டீரியா இருக்காமே, கொண்டுவந்து விட்டால் என்ன?" என்ற பேச்சு அடிக்கடி வரும்.

பாக்டீரியா இருக்கிறது. தின்பதுதான் இல்லை. குரோமியம் ஒரு தனிமம். எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது. வடிவத்தை மாற்றலாம், ஓரிடத்தில் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் குரோமியம் விஷயத்தில் அந்த மாற்றமே பெரிய காரியம். டேனரியில் தோலை நீலமாக்குவது குரோமியம்-3. மஞ்சள் தண்ணீரில் குரோமேட்டாக இருப்பது குரோமியம்-6. இது நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு நகரும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்கூட வரலாம். இதற்கு மூன்று எலக்ட்ரான் கொடுத்தால் 6 என்பது 3 ஆகிவிடும். சாதாரணத் தண்ணீரில் குரோமியம்-3 அதிகம் கரையாமல் மண்ணில் படிந்துவிடும்.

(காட்சி: குடுவையில் மஞ்சள் நிறம் வெளிறுகிறது.)

அந்த எலக்ட்ரானைக் கொடுப்பதுதான் பாக்டீரியாவின் வேலை. காற்றில்லாத இடத்தில், ஆக்சிஜனுக்குப் பதில் குரோமேட்டை வைத்தே வாழும் பாக்டீரியாவைப் பற்றி 1977இல் சோவியத் ஆய்வாளர்கள் ரொமனென்கோவும் கொரென்கோவும் எழுதினார்கள்.

சரி, இந்த விஷம் செல்லுக்குள் எப்படிப் போகிறது? குரோமேட் பார்ப்பதற்கு, செல்லுக்குத் தேவையான கந்தக உப்பான சல்பேட் மாதிரியே இருக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று சொல்லி பந்தியில் உட்காருகிற ஆள் போல, சல்பேட்டுக்கான வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

வந்ததைச் சில பாக்டீரியா அப்படியே வெளியே பம்ப் செய்துவிடும். பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் அப்படியேதான் இருக்கும். பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலைத் தொட்டியில் 1976இல் பிடித்த குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ், பல உலோகங்களை இந்த வழியில்தான் தாங்குகிறது. "உலோகத்தைத் தாங்கும் பாக்டீரியா கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் இதை நினைவில் வையுங்கள். தாங்குவது வேறு, நீக்குவது வேறு. நீக்குவதிலும் வில்லங்கம் உண்டு: பாதரசத்தைச் சில பாக்டீரியா ஆவியாக்கிக் காற்றில் விட்டுவிடும். தண்ணீர் சுத்தம், காற்று யார் கணக்கில்?

(காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டு, ஆழ்துளைக் குழாய்.)

களத்தில் புது பாக்டீரியாவை இறக்குவது பெரும்பாலும் தேவைப்படாது. குழாய் வழியே மொலாசஸ் செலுத்துவார்கள், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியா அதைத் தின்று பெருகும், ஆக்சிஜனைத் தீர்க்கும், அப்புறம் குரோமியம்-6ஐ மாற்ற ஆரம்பிக்கும்.

குவியலிலேயே இதைச் செய்யலாமா? கஷ்டம். குரோமியத் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் போட்டு வறுத்த கழிவு கடுங்காரமாக இருக்கும், குரோமியமும் மிக அதிகம். பெரும்பாலான பாக்டீரியா அதில் செத்துப்போகும். ஆகவே குவியலை முதலில் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் மழை படாமல் மூட வேண்டும். சுற்றிப் பரவிய நிலத்தடி நீருக்குத்தான் பாக்டீரியா. குவியலை விட்டுவிட்டு நீரை மட்டும் சுத்தம் செய்வது வீண் செலவு என்பது என் கருத்து.

இன்னொன்று. மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தால், படிந்த குரோமியம்-3 மெல்ல மறுபடி 6 ஆகலாம். அதனால் உங்கள் ஊரில் யாராவது "பாக்டீரியா போட்டுச் சுத்தம் செய்துவிட்டோம்" என்று ரிப்போர்ட் காட்டினால், குரோமியம்-6 எவ்வளவு, மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மழைக்காலம் முடிந்ததும் அதே கிணற்றில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.