செஞ்சிக்கோட்டையும் ஒரு குழி சுண்ணாம்பும்

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, தொல்லியல் துறை அலுவலர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன் தேசிங்குராஜன் கதையைப் பாடி நம் கண்களை நனைத்த புலவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாருக்கும் என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கோட்டையின் வரலாறு, அதன் நீர் ஏற்பாடு, பழுதுபார்ப்பு. மூன்றுக்கும் பொருந்துகிற பழமொழி ஒன்றுதான்: பொறுத்தார் பூமி ஆள்வார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை இது. கோன் மரபினர் தொடங்கினார்கள் என்பது வழிவழிச் செய்தி. கல்யாண மகாலும் பெரிய நெற்களஞ்சியங்களும் நாயக்கர் காலத்துப் பெருமைகள். 1649இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பித் தம் நாடு போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியே இருந்தவரும் பொறுத்தார், உள்ளே இருந்தவரும் பொறுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார்! 1714இல் தேசிங்கு வீழ்ந்ததைப் புலவர் ஐயா பாடிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 1921 முதல் தேசிய நினைவுச் சின்னம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, நம் செஞ்சி!

இரண்டாவது, தண்ணீர். சக்கரக்குளத்தையும் செட்டிகுளத்தையும் பார்த்திருப்பீர்கள். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏறிய வித்தையை மட்டுமே ஒரு பொழுது பேசலாம். ஆனால் என் மனம் மூன்றாவதில்தான் நிற்கிறது.

எங்கள் பூர்வீக வீடு திண்ணை வைத்த ஓட்டு வீடு. தாத்தா செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஒரு மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். “நாலே நாள் சார், சிமெண்ட் பூசி முடிச்சிடலாம்” என்றார். முடித்தும் கொடுத்தார். முதல் ஐப்பசி மழை தாங்கியது. அடுத்த ஐப்பசியில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. அம்மா அந்த மாவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பேசாமல் நின்றார்.

பிறகு ஒரு வயதான கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். சுவரைத் தட்டிப் பார்த்தார். “மூச்சு முட்டிப் போச்சுங்க ஐயா” என்றார். கொல்லையில் குழி வெட்டச் சொன்னார். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டார். தனிப் பானையில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்தார். பானை நுரைத்துப் பொங்கியது, தெருவே மணத்தது. ஒரு வாரம் கழித்து, “ஆரம்பிக்கலாமா?” என்றேன். “பொறுங்க.” பதினைந்து நாள் கழித்துக் கேட்டேன். “பொறுங்க.” ஒரு மாதம் போனது. எனக்கு விடுப்பும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. அம்மாதான் தோளில் கை வைத்து, “பொறுத்தார் பூமி ஆள்வார்டா” என்றார். ஒருநாள் விடியற்காலையில் அந்தப் பெரியவர் குழியில் கரண்டியை விட்டு எடுத்தார். சுண்ணாம்பு வெண்ணெய்போல் வழுக்கியது. “இப்ப பூசலாம்” என்றார். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. அம்மா இல்லை, பெரியவரும் இல்லை.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சிமெண்ட் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. உப்பு சேர்ந்து செங்கல்லை அரிக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, ஆண்டுக்கு ஆண்டு கல்லாக இறுகும். நெற்களஞ்சியத்தின் வளைகூரை நிற்பதும் இந்தச் சுண்ணாம்பால்தான்.

கலவை தெரியும், அளவும் தெரியும். அதைக் குழைக்கிற கைகளைத்தான் காணோம். அந்தப் பெரியவரின் மகன் சென்னையில் டைல்ஸ் ஒட்டுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு வேலைக்குக் கூலி கொடுக்க ஆளில்லை என்றால் அவர் எதற்காகக் கற்க வேண்டும்?

பேரூராட்சித் தலைவர் அவர்களே, செஞ்சியில் ஒரு சுண்ணாம்புக் கொத்தனார் பயிற்சிக்கூடம் வேண்டும். கோட்டை அடிவாரத்தில் கொஞ்சம் இடம், நான்கு குழிகள், ஒரு அரவைக்கல், ஆண்டுக்கு இருபது பிள்ளைகள், அவர்களுக்கு உதவித்தொகை. கோட்டைக்கும் ஆள் கிடைக்கும், சுற்றுப்பட்டுக் கோயில்களுக்கும் கிடைக்கும். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுப் போங்கள். எழுபது கடந்த சுண்ணாம்புக் கொத்தனார் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் வகுப்பை அவர்தான் எடுக்க வேண்டும்.

வணக்கம்.